நூல் கட்டாத காய்

உத்தமபாளையம்
12.6.1998

அன்புத் தம்பி அப்சலுக்கு, அக்கா மைமூன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கு யாவரும் நலம். ஹூப்ளியில் உன் சுகத்தையும் மிளகாய் மண்டி வேலையையும் பற்றி எழுது. போன கடிதத்தில் பாதிக்கு மேல் அந்த ஊர் ரொட்டியைத் திட்டியே தீர்த்திருந்தாய். கல்யாணம் செய்துகொள் என்றால் காதில் வாங்குவதில்லை, பிறகு ரொட்டியைத் திட்டி என்ன பிரயோசனம்?

தோட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பாகல் பந்தல் போட்டிருக்கிறோம். கொடி பந்தலை மூடிவிட்டது. பூவும் மஞ்சள் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கிறது. காய்தான் இல்லை. பிஞ்சு விரல்நுனி அளவு வந்ததும் வெம்பி உதிர்ந்துவிடுகிறது. உரம் போதவில்லை என்று நினைத்தேன். உன் மச்சான் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஒரு தேனீகூட வரலை மைமூனு. பெறகு எப்படிப் பிஞ்சு புடிக்கும்?" என்றார். வாஸ்தவம்தான். முன்பெல்லாம் வரப்பில் தும்பை, ஆவாரை, கொழுஞ்சி என்று ஏதாவது பூத்துக்கொண்டே இருக்கும். அதைத் தேடிக் கொசுத்தேனீயும் கருவண்டும் வரும். வந்தவை பந்தலுக்கும் ஒரு நடை போய்விட்டுப் போகும். இப்போது வரப்பு முழுக்க அந்த வெள்ளைப்பூப் பார்த்தீனியம்தான். ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோகிறது. கட்டெறும்பும் மாவுப்பூச்சியும் மட்டும் அதில் குடும்பம் நடத்துகின்றன.

ஆகையால் தேனீயின் வேலையை நான் பார்க்கிறேன். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழை மடக்கி, பெண் பூவில் ஒற்றவேண்டும். ஒற்றிய பூ எது, ஒற்றாதது எது என்று தெரிய, காம்பில் தளர்வாக ஒரு நூல் கட்டிவிடுகிறேன். தம்பிக்கு ஒரு பெண் பார்த்துக் கட்டிவைக்க முடியாதவள், பாகலுக்குத் தரகு வேலை பார்க்கிறேன்.

உன் மச்சானுக்குக் கழுத்திலும் முழங்கையிலும் அரிப்பு. அந்தச் செடி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னார். பெரிதாக ஒன்றுமில்லை. மகள் ஃபர்ஹீன் மாமாவுக்கு சலாம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு, அக்கா மைமூன்


ஹூப்ளி
29.6.1998

அன்புள்ள அக்காவுக்கு, வ அலைக்கும் சலாம். நான் நலம். மச்சானுக்கு அரிப்பு எப்படி இருக்கிறது என்று முதல் வரியிலேயே கேட்கிறேன், ஏனென்றால் நீ அதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியும்.

இப்போது ஒரு நல்ல செய்தி. இங்கேயும் ரோட்டோரம் முழுக்க அந்தச் செடிதான். ஆனால் மழை விழுந்ததும் ஒரு வண்டு கிளம்பியிருக்கிறது. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். வெள்ளை முதுகில் காப்பிக்கொட்டை நிறத்தில் கோடு. அது வேறு எதையும் தொடாமல் பார்த்தீனியத்தை மட்டும் தின்கிறது. மண்டிக்குப் பின்னால் இடுப்பளவு நின்ற செடியெல்லாம் இப்போது வெறும் ஈர்க்குச்சி. செடியின் சொந்த ஊரான மெக்சிகோவிலிருந்தே இந்த வண்டையும் தருவித்து விட்டார்களாம். நான் நன்றாக விசாரித்துவிட்டேன். நம்ம ஊருக்கு மிளகாய் ஏற்றிவரும் லாரி டிரைவர் பேச்சிமுத்துவிடம் கொடுத்தனுப்புகிறேன். செடி ஒழிந்தால் அரிப்பும் ஒழியும், தேனீயும் வரும்.

அதுவரை மச்சானைத் தோட்டத்துப் பக்கம் விடாதே. சொன்னால் கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்.

தம்பி அப்சல்


உத்தமபாளையம்
25.7.1998

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் நலம்.

ஏண்டா, பூச்சியை அனுப்புகிறவன் பேடா டப்பாவிலா அனுப்புவான்? தார்வாட் பேடா என்று வெளியே கொட்டை எழுத்து. பேச்சிமுத்து வாசலில் கொடுத்தவுடன் இனிப்பென்று நினைத்து ஃபர்ஹீன் பிரித்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பாதி வண்டு அலமாரிக்குப் பின்னால் ஓடி, ரெண்டு நாள் கழித்துச் சோற்றுப் பானை மூடியில் வந்து உட்கார்ந்தது. மிச்சத்தை உன் மச்சான் வரப்புக்குக் கொண்டுபோய், பிஸ்மி சொல்லி விட்டார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், இதுகள் விருந்தாகவும் வந்திருக்கின்றன, மருந்தாகவும் வந்திருக்கின்றன, எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்போம் என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நாளாயிற்று.

தினமும் போய்ப் பார்க்கிறார். முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு. இலையின் அடியில் மஞ்சளாக முட்டை இருக்கிறதாம், புழு வந்திருக்கிறதாம். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போய்வந்தவர்போல வந்து சொல்கிறார்.

அண்டைத் தோட்டத்து முத்துவீரன், "என்ன மாமா, வரப்புல பொன்னா வெளையுது, இப்படி உத்துப் பாக்குறீக?" என்று கேட்டான். அவன் இந்த வருடம் சூரியகாந்தி போடப்போகிறான்.

தம்பி, இந்தச் செடி போனால் உன் மச்சான் தோட்டத்தில் இருக்கலாம். போகாவிட்டால் என்ன என்று டாக்டர் சொன்னதை இப்போது எழுதவேண்டாம்.

அக்கா மைமூன்


ஹூப்ளி
16.8.1998

அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல்.

டாக்டர் என்ன சொன்னார்? அதை எழுது.

இன்னொன்று. மண்டிக்கு வருகிற விவசாயி ஒருவர், இந்த வண்டு சூரியகாந்தியிலும் ஏறியதாகச் சில ஊர்களில் புகார் வந்தது என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தத் தகவலை முத்துவீரன் காதில் போட்டுவைக்காதே. வீணாகப் பயப்படுவான்.

மச்சானுக்கு சலாம். ஃபர்ஹீனுக்கு நிஜமான பேடா அடுத்த லாரியில்.

அப்சல்


உத்தமபாளையம்
22.10.1998

தம்பி அப்சலுக்கு, சலாம். இங்கு யாவரும் நலம்.

முத்துவீரன் காதில் போடாதே என்றாய், போடவில்லை. அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டான்.

புரட்டாசிவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. வண்டு பெருகி, கிணற்றடி வரப்பு முக்கால்வாசி மொட்டையாகிவிட்டது. முத்துவீரனின் சூரியகாந்தி முகம் விரிக்கிற நேரம். போன வாரம் அவன் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்தான். அதில் நம் விருந்தாளி உட்கார்ந்திருந்தது. இலையில் பொத்தலும் இருந்தது, நான் பொய் சொல்லமாட்டேன். அவன் சத்தம்கூடப் போடவில்லை. "மாமா, இது நீங்க தருவிச்சு விட்ட பூச்சியாம்ல? பேச்சிமுத்து சொன்னான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றான். உன் மச்சானுக்கு முகம் செத்துவிட்டது. "நான் விட்டதை நானே எடுத்துர்றேன்டா" என்றார்.

மறுநாள் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரே மருந்தடித்தார். ஆள் விட்டு அடிப்போம் என்றேன். முத்துவீரனே, "வேணாம் மாமா, நான் அடிக்கேன், நீங்க செடிக்குள்ள எறங்காதீக" என்று கெஞ்சினான். கேட்கவில்லை. மிச்சமிருந்த செடிக்குள் இறங்கி வரப்பு நெடுக நடந்தார். மாலையில் போய்ப் பார்த்தேன். வண்டுகள் உதிர்ந்து கிடந்தன. அவற்றோடு தட்டான், ரெண்டு கருவண்டு, எங்கிருந்தோ அபூர்வமாக வந்திருந்த ஒரு தேனீ.

காதில் போடு என்று நீ சொல்லியிருந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லியிருப்பேன். சொல்லாதே என்றாலும் சொல்லியிருக்கவேண்டியவள் நான்தான். உன்மேலும் கோபம், என்மேலும் கோபம்.

உன் மச்சான் தூங்குகிறார். அதனால் அவர் சலாம் சொல்லவில்லை.

மைமூன்


ஹூப்ளி
4.11.1998

அக்காவுக்கு, சலாம்.

மருந்தடித்தது பெரிய தப்பு. நான் மறுபடி விசாரித்தேன். செடியின் பூத்தூள் காற்றில் பறந்து சூரியகாந்தி இலையில் படிந்துவிடுமாம். அந்த வாசனைக்கு ஏமாந்துதான் வண்டு ஏறுமாம், நாலு கடி கடித்துவிட்டு இறங்கிவிடுமாம். பத்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா? மச்சானுக்கு எல்லாவற்றிலும் ரோஷம்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அவர் எப்படி இருக்கிறார்? பகலில் தூங்குகிற மனிதர் இல்லையே அவர்.

அப்சல்


ஹூப்ளி
8.1.1999

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாக நடக்கிறது. அங்கு எல்லாரும் நலமா? இந்தக் கேள்வியை இவ்வளவு பயத்தோடு நான் எழுதியதில்லை.

தீபாவளி சமயத்துக் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டால், அவர்கள் "நல்லாருக்காக" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். பேச்சிமுத்து வந்தான். மச்சானைப் பள்ளிவாசலில் ஒரு ஜும்மாவிலும் பார்க்கவில்லை என்று யாரோ அவனிடம் சொன்னார்களாம். என்னைத் திட்டியாவது எழுது.

இதையும் சொல்லவேண்டும். இங்கே குளிர் வந்ததும் வண்டு ஒன்றுகூட இல்லை. செத்துவிட்டதா என்று கேட்டேன். மண்ணுக்குள் இறங்கித் தூங்குகிறதாம், மழை விழுந்தால்தான் மேலே வருமாம். நீங்கள் மருந்தடிப்பதற்கு முன்பே சில இறங்கியிருக்கலாம். வரப்பில் மண்வெட்டி போடவேண்டாம்.

பெருநாளுக்கு லீவு கேட்டேன், தரவில்லை.

உன் தம்பி அப்சல்


உத்தமபாளையம்
3.2.1999

அன்புத் தம்பிக்கு, வ அலைக்கும் சலாம். பெருநாள் வாழ்த்து, தாமதமாக.

இங்கு யாவரும் நலம் என்று உனக்கு எழுதி எழுதி எனக்கே அது ஓதுகிற மாதிரி ஆகிவிட்டது. இந்தத் தடவை எழுதவில்லை.

அன்றைக்கு மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு ராத்திரிக்குள் முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. தோல் கறுத்து, ஆட்டுத்தோல்போலத் தடித்து, வெடித்து நீர் வடிந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த வரைக்கும் தேறினார். ஊருக்கு வந்த ரெண்டாம் நாள் மறுபடி அதே கதை. செடியைத் தொடக்கூட வேண்டாமாம், காற்றில் வருகிற தூளே போதுமாம். பெரிய டாக்டர் சொன்னார்: "மருந்து நான் தரலாம், ஆனா அந்தச் செடி இல்லாத ஊருக்கு மாறிடுங்க." ஆடி மாதமே இங்குள்ள டாக்டர் சொன்னதும் இதைத்தான். நான்தான் உனக்கு எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்று ஒரு முட்டாள் பயம்.

இப்போது அவர் மலைமேல் இருக்கிறார். வண்டன்மேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் மேற்பார்வை வேலை. அங்கே எப்போதும் ஈரம், குளிர். அந்தச் செடி கண்ணில் படவில்லையாம். ஊர் மாறிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், தண்ணீர் இல்லாமல் போனார்கள், கடன்பட்டுப் போனார்கள். ஒரு பூவுக்குப் பயந்து வீட்டைவிட்டுப் போனவர் உன் மச்சான் ஒருவர்தான்.

பெருநாள் தொழுகைக்கு இறங்கி வந்தார். வாழ்த்துச் சொல்ல வந்த முத்துவீரன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் வாங்கிய பிரியாணித் தட்டோடு அப்படியே நின்றான். சாயங்காலம் வீக்கம் தொடங்கிவிட்டது. கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். ஃபர்ஹீன் புதுத்துணியோடு படுத்து அழுதாள். நானும் அழுதேன், அவளுக்குத் தெரியாமல்.

நீ எழுதியபடி வரப்பை வெட்டவிடவில்லை. ஆட்கள் வந்து கேட்டார்கள், வேண்டாம் என்றேன். "மைமூனுக்குச் சோம்பேறித்தனம், பாய் இல்லேல்ல" என்று பேச்சு. பேசட்டும். அதற்குள் ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால் தூங்கட்டும்.

நூல் கட்டுவது மட்டும் தவறாமல் நடக்கிறது.

அக்கா மைமூன்


உத்தமபாளையம்
27.6.1999

தம்பிக்கு, சலாம். சுகம் விசாரிக்க நேரமில்லை, அவசரமாக எழுதுகிறேன்.

வந்துவிட்டன! முந்தாநாள் சாரல் பிடித்து மண் நனைந்தது. இன்று காலை கிணற்றடி வரப்பில் ஒன்று, பிறகு ரெண்டு, பிறகு எண்ணவில்லை. முதுகெல்லாம் மண் ஒட்டியிருக்கிறது, இப்போதுதான் எழுந்து வந்ததுபோல.

பயத்தோடு முத்துவீரனிடம் நானே போய்ச் சொன்னேன். இந்தத் தடவை மறைக்கவில்லை. அவன் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு, "தெரியும்க்கா. நானும் பாத்தேன். நான் இந்த வருசம் சூரியகாந்தி போடலை, சோளந்தான். பூச்சி அதுபாட்டுக்குத் திங்கட்டும். மாமாவை வரச் சொல்லுங்க" என்றான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

உன் மச்சானுக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

மைமூன்


ஹூப்ளி
12.7.1999

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை மண்டியில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். தமிழ் தெரியாதவர்களும் கை தட்டினார்கள்.

நான் அப்போதே சொன்னேன் அல்லவா? இனி ஒன்றும் கவலை இல்லை. வரப்பு சுத்தமாகிவிடும், தேனீ வந்துவிடும், அடுத்த நோன்புக்கு மச்சான் வீட்டில் இருப்பார். எழுதி வைத்துக்கொள்.

அவர் என்ன பதில் போட்டார்?

அப்சல்


உத்தமபாளையம்
17.10.1999

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

பதில் தாமதம். மன்னித்துக்கொள். அவர் எனக்குப் பதில் போடவில்லை, அதனால் நானும் உனக்குப் போடவில்லை.

ஆவணி கடைசியில் ஒரு நாள், காய் பறிக்கும்போது, நூல் இல்லாமல் ஒரு பாகற்காய் கையில் தட்டுப்பட்டது. நூல் அவிழ்ந்திருக்கும் என்று காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஃபர்ஹீனைக் கூப்பிட்டு, "நீ ஒத்தினியாடீ?" என்று கேட்டேன். "நான் இந்தப் பக்கமே வரலைம்மா" என்றாள். கிணற்று மூலையில், இலைக்கு உள்ளே, என் கை எட்டாத இடத்தில் காய்த்திருந்தது. பக்கத்து வரப்பில் பார்த்தீனியம் வெறும் குச்சியாக நிற்கிறது. அதன் காலடியில் தும்பை முளைத்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அதில் கொசுத்தேனீ. கடுகு போலத்தான் இருக்கும், நீ பார்த்திருக்கிறாய். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அந்தக் காயைப் பறித்துச் சமைக்க மனம் வரவில்லை. பழுக்க விட்டேன். மஞ்சளாகி வெடிக்கிற பதத்தில், உன் பழைய பேடா டப்பாவில் வைத்து, குமுளி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: "இது நான் நூல் கட்டாத காய். இறங்கி வாங்க."

பதில் இல்லை. காத்திருந்தேன். பிறகு பொறுக்காமல், போன ஜும்மா முடிந்த மறுநாள், அவருடைய முழுக்கைச் சட்டையைத் தேய்த்துப் பையில் வைத்துக்கொண்டு நானே மலை ஏறினேன். திரும்பி வரும்போது அவர் போட்டுக்கொண்டு வருவதற்கு.

ஆள் நன்றாக இருக்கிறார், தம்பி. அதை முதலில் சொல்லவேண்டும். கழுத்து சுத்தமாகிவிட்டது. கண் தெளிந்துவிட்டது. கல்யாணத்தன்று நான் ஓரக்கண்ணால் பார்த்த நூர் முகம்மது மறுபடி நிற்கிறார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து ஸ்டோருக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அங்கே காட்டுக்கம்பு நட்டு, கயிறு கட்டி, ஒரு சின்னப் பந்தல். அதன் அடியில் வரிசையாகப் பாகல் கன்று. என் காயின் விதை.

"பாத்தியா மைமூனு, போட்டது அம்புட்டும் மொளைச்சிருச்சு. இங்கன ஏலப்பூவுக்கு வர்ற தேனீயே போதும். ஒரு பூவைக்கூட ஒத்த வேணாம். நூலே வேணாம்!" என்றார். பிள்ளை மாதிரி சந்தோஷம். இறங்கி வருவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்ப நினைக்கிற மனிதன் அங்கே பந்தல் போடமாட்டான், அது எனக்குத் தெரியும். பையைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வந்தேன்.

பஸ் மலை வளைவில் திரும்பும்போது நம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. அப்போது வரைக்கும் அழகுதான். இறங்கிக் கூடலூர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே ரோட்டின் ரெண்டு ஓரமும் பார்த்தீனியத்தின் வெள்ளை. கம்பம் வரைக்கும் வெள்ளை, கம்பத்துக்கு அப்புறமும் வெள்ளை. உன் வண்டு எங்கள் வரப்பைத்தான் தின்றது. பெருநாளன்று இந்த ரோட்டில் திறந்த ஜன்னலோடு போய்வந்தவர் அவர், அதனால் அவருக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அன்று தெரிந்தது.

நீயும் மேலே போய்விடேன் என்று எழுதுவாய். எழுதாதே. ஃபர்ஹீன் படிப்பு இருக்கிறது. அதைவிட, இத்தனை வருடம் கழித்துத் தேனீ வந்த தோட்டத்தை நான் எப்படி விட்டுவிட்டுப் போவது? நான் போனால் அடுத்த நாளே யாராவது வரப்பில் மருந்தடிப்பார்கள். இதை அவரிடம் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இன்று காலை பந்தலில் நூல் இல்லாத காய் இன்னும் சில பார்த்தேன். பறித்துக் குழம்பு வைத்தேன். கசப்பு சரியாக இருந்தது.

சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன் என்றேன் அல்லவா. இங்கு நானும் ஃபர்ஹீனும் நலம். மலைமேல் உன் மச்சான் நலம். இனி நீ எழுதும்போது அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டு நலம் விசாரி. அவருடைய விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா மைமூன்